கை காட்டினா நிக்கிற ரயில்

ஒரு ஊர்ல ஒரு குட்டி ரயில் இருந்துச்சாம். எவ்வளவு குட்டின்னா, நீ இப்ப உருண்டு உருண்டு படுக்கிறியே இந்தப் பாய், இதோட அகலம்தான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல. காலை மடக்கு, அத்தைக்கும் கொஞ்சம் இடம் விடு. கதை கேக்கிறவங்க ம் சொல்லணும், தெரியுமில்ல?

ம்.

அந்தப் பக்கம் ரோடே கிடையாது. வெளையிற வேர்க்கடலைய டவுனுக்குக் கொண்டுபோகத்தான் முதல்ல அந்த ரயிலை விட்டாங்க. அப்புறம் மூட்டை மேல மனுஷங்க ஏறி உக்காந்தாங்க. அப்புறம் பெஞ்சு போட்டாங்க. அப்புறம் ஆடு, கோழி, கல்யாணப் பொண்ணு எல்லாம் அதுலதான். ஸ்டேஷனுக்கு யாரு போறா? வயல்ல நின்னுக்கிட்டே கை காட்டினாப் போதும், கிரீ...ச்சுன்னு நிக்கும். டிரைவர் பேரு மாசிலாமணி.

ஒரு மழைநாள்ல ஒரு பொம்பளை தூரத்துல நின்னு கை காட்டினா. மாசிலாமணிக்கு நேரமாயிடுச்சு, நிக்காமப் போயிட்டாரு. அவ ஏறுறதுக்குக் காட்டல. முன்னாடி மண்ணு அரிச்சு தண்டவாளம் தொங்குது, வராதேன்னு காட்டியிருக்கா. அப்போ தடாபுடான்னு ரயிலு கவுந்து, மாசிலாமணி காலு உடைஞ்சுது. நல்லவேளை, வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து எந்தக் கையைப் பாத்தாலும் நிறுத்திடுவாரு. "எதுக்குக் காட்டுறாங்கன்னு நின்னாத்தானே தெரியும்"பாரு.

அப்புறம் ரோடு வந்துச்சு. பாம் பாம்னு பஸ்ஸு வந்துச்சு. ரயிலு அசைஞ்சு அசைஞ்சு அரை நாள் போற இடத்துக்கு, பஸ்ஸு சட்டுன்னு போயிடுச்சு. சனங்க எல்லாம் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க. மூஞ்சியைத் தூக்காதே. நானா இருந்தாலும் பஸ்ஸுலதான் போயிருப்பேன், அந்தப் பெஞ்சுல உக்காந்தா இடுப்பு போயிடும். கடலை மூட்டையும் லாரியில போச்சு. காலி ரயிலை எத்தனை நாளு ஓட்டுவாங்க? இன்னியோட நிறுத்துறோம்னு சொல்லிட்டாங்க.

ம் எங்கே காணோம்?

ம்.

அந்தக் கடைசி நாளு பாத்து, பேய் மழை பேஞ்சு தரைப்பாலம் முழுகிப்போச்சு. பஸ்ஸு வரல. அப்போதான் பவளக்கொடின்னு ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. மருத்துவச்சி தொட்டுப் பாத்துட்டு, "புள்ள குறுக்கே கிடக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, இல்லேன்னா ரெண்டு உசிரும் தங்காது"ன்னுட்டா. மாமியார் ராக்காயி அவளைக் கொண்டாந்து ரயில்ல படுக்க வெச்சா.

"சீக்கிரம் போண்ணே."

"போறேம்மா."

கூ... டபக்கு டபக்கு, டபக்கு டபக்கு. முதல் ஊர்ல பசங்க வரிசையா நின்னு கையை ஆட்டினாங்க. கிரீச். "என்னப்பா?"ன்னாரு. "டாட்டா காட்டினோம் தாத்தா"ன்னுதுங்க.

டபக்கு டபக்கு. அடுத்த ஊர்ல ஊரே நிக்குது, மாலையும் கையுமா. எல்லாக் கையும் ஆடுது. கிரீச்.

ராக்காயிக்குப் பொறுக்கல. "கடைசி நாளுன்னு வழியனுப்புறாங்கண்ணே. அதுக்குப் போயி நிக்கிறியே."

"மழை பேஞ்சிருக்கும்மா. எந்தக் கை டாட்டா, எந்தக் கை ஆபத்துன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கவுந்தா உன் மருமகளும்தானே போவா?"

உள்ள பவளக்கொடி அம்மா அம்மான்னு துடிக்கிறா. ராக்காயி அழுதுட்டா. அப்போ பால்காரர் துரைக்கண்ணு சைக்கிளோட கூட்டத்துல நின்னாரு. ஓடிப்போயி சைக்கிளைப் புடிச்சுக்கிட்டா.

"நீ முன்னாடி போய்யா. வழியில எல்லார்கிட்டயும் சொல்லு. ஆபத்து இருந்தாத்தான் கையைத் தூக்கணும். சும்மா ஒருத்தரும் தூக்கக் கூடாது."

சைக்கிள் ரயிலை முந்துமான்னு கேக்கிறியா? அந்த ரயிலை ஆடே முந்தும்.

அப்புறம் பாரு, அடுத்த ஊர்லயும் ஊரே நிக்குது. ஆனா எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கைக்குழந்தை ஆட்டிடப் போகுதுன்னு ஒரு அம்மா அது கையை இறுக்கிப் புடிச்சிருக்கா. நிறைய பேரு அழுதாங்க, கண்ணைத் தொடைக்கக்கூட கையை எடுக்கல. மாசிலாமணி நிக்காமப் போனாரு. கூ... டபக்கு டபக்கு டபக்கு. அவருக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

ம்?

...ம்.

அப்புறம் ஒரு வளைவு. அங்க ஒரே ஒரு ஆளு துண்டைச் சுழட்டி சுழட்டி ஆட்டுறாரு. யாருன்னு பாத்தா துரைக்கண்ணு. கிரீ...ச். வளைவு தாண்டி ஒரு பனைமரம் தண்டவாளத்து மேலயே விழுந்து கிடக்கு. நல்லவேளை, கட்டியிருந்த கையெல்லாம் அவிழ்த்துக்கிட்டு பின்னாலயே சனங்க ஓடியாந்துட்டாங்க. ஐலசா, ஐலசா, ஐலசா. மரம் உருண்டு பள்ளத்துல தொபுக்குன்னு விழுந்துச்சு.

டவுன் வந்துடுச்சு. பவளக்கொடியை ஆஸ்பத்திரி உள்ள கொண்டுபோயி கதவைச் சாத்திட்டாங்க. ராக்காயி வெளிய நிக்கிறா. பக்கத்துல மாசிலாமணியும், நொண்டிக் காலோட. அப்புறம் உள்ளேருந்து குவா குவான்னு சத்தம். டாக்டரம்மா வந்து, "பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க"ன்னாங்க. ராக்காயி அப்பாடான்னு தரையிலயே உக்காந்துட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டா. "நாளையில இருந்து ரயில் இல்லையே, நீ என்ன பண்ணுவண்ணே?"

"நிம்மதியாத் தூங்குவேம்மா. எந்தக் கையை விட்டுடுவேனோன்னு இத்தனை வருஷமா பயந்து பயந்து ஓட்டினேன். காலு உடைஞ்ச அன்னைக்கு அப்புறம் ஒரு கையையும் விடாம கடைசி வரைக்கும் வந்துட்டேன், அது போதும்"னாரு.

சொல்லிட்டு ரயிலுக்குப் போயி, நெருப்பை அணைச்சாரு. புஸ்ஸ்... அந்தப் பெஞ்சுலயே படுத்தாரு, கொர்ர்...

கதை ஊர் போய்ச் சேந்தாச்சு. நீயும் தூங்குடா தங்கம்.