எல்லை தாண்டாத நூற்றியொரு முறுக்கு

செங்கோட்டையில் மூணு பேர் கூட்டாக ஒரு முறுக்குக் கடை போட்டார்கள். கடைக்குச் சுவர் கிடையாது, கதவு கிடையாது, எல்லாம் ஆவுடைநாயகத்தின் செல்போனுக்குள்தான். ஆனாலும் மனுஷன் முறை தவறாதவர். தினமும் காலையில் போனுக்கு முன்னால் தண்ணி தெளித்து, கோலம் போட்டுவிட்டுத்தான் ஆன் பண்ணுவார்.

ஆறு மாசம் கழித்து முதல் ஆர்டர் வந்தது. கேரளாவில் புனலூர்க்காரர் செண்பகராமன், மகள் கல்யாணச் சீருக்கு நூற்றியொரு கைமுறுக்கு கேட்டிருந்தார். ஆவுடைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி பிச்சம்மாள் விரல் கடுக்கச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "இது அந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரலைன்னா நீங்களும் வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். "தமிழ்நாட்டுக்குள்ள விக்கிறவரைக்கும் வம்பில்ல. ஆன்லைன்ல அடுத்த ஸ்டேட்காரங்களுக்கு வித்தா, முதல்ல வரிக்குப் பதிவு பண்ணணும். அதுக்குப் பத்து நாளாகும். அதுவரைக்கும் கேரளாவுக்கு ஒரு முறுக்கு போகக் கூடாது."

கல்யாணத்துக்கு ரெண்டே நாள். மூணு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"கடை போன்லதான இருக்கு? போனைக் கேரளாவுக்குக் கொண்டுபோயிட்டா?" என்றார் கூட்டாளி இசக்கி.

அடடா, இந்த மூளை யாருக்கு வரும்! உடனே பஸ் ஏறி ஆரியங்காவில் போய் இறங்கினார்கள். அங்கேதான் மூணாவது கூட்டாளி வெயிலுகந்தானுக்குச் சுருக்கென்றது.

"கடை இங்க வந்துட்டு, சரி. முறுக்கு செங்கோட்டையிலல்லா இருக்கு? இப்போ நம்ம முறுக்கே நமக்கு அடுத்த ஸ்டேட் முறுக்கு ஆயிட்டே வே!"

பதறியடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள்.

ஆவுடைநாயகத்துக்குப் பிச்சம்மாள் முகம் கண்முன் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. செண்பகராமனுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, நீங்க பார்டர் தாண்டிப் புளியரைக்கு வந்து நின்னுட்டா நீங்களும் தமிழ்நாட்டுக்காரர்தான்!"

மறுநாள் காலையில் கல்யாண வேலையெல்லாம் போட்டுவிட்டு மனுஷன் வந்தார், பாவம். பஸ் ஸ்டாப் புளியமரத்தடியில் மூணு பேரும் கூடையோடு நின்றார்கள். "கொண்டாங்க" என்று கையை நீட்டினார்.

"கையில கொடுக்கிறதுக்கு இதென்ன பெட்டிக்கடையா அண்ணாச்சி? ஆன்லைன் கடை. போன்ல ஆர்டர் போடுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

"ஐயையோ, புனலூர் விலாசம்!" என்று அலறி அதை ரத்து செய்தார் ஆவுடைநாயகம். "தமிழ்நாட்டு விலாசமாக் கொடுங்க."

"எனக்கு ஏதுய்யா தமிழ்நாட்டுல விலாசம்?" அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு, 'செண்பகராமன், புளியமரத்தடி, பஸ் ஸ்டாப், புளியரை' என்று தட்டிவிட்டார்.

போன் டிங் என்றது. மூணு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆவுடைநாயகத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கூரியர் ஆபீஸைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

செண்பகராமன் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தார். "எங்கய்யா தூக்கிட்டுப் போறீரு? நாளைக்குக் கல்யாணம்யா!"

"தொடாதீங்க அண்ணாச்சி!" என்று அதட்டினார் ஆவுடைநாயகம். "இது வேற ஒருத்தருக்குப் புக் ஆன முறுக்கு. புளியமரத்தடியில செண்பகராமன்னு ஒருத்தராம். பாவம், அவர் வீட்லயும் நாளைக்குத்தான் கல்யாணமாம்."