கண்ணாடி யானையும் வெல்வெட் நாற்காலியும்

பூபதிராயரின் சபையில் எல்லாருக்கும் ஜமக்காளம்தான். ராஜாவுக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு சிவப்பு வெல்வெட் நாற்காலி. சமஸ்தானத்திலேயே புத்திசாலி யாரோ, அவருக்கு அது. பதினோரு வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவர் குஞ்சிதபாதம். தாம்தான் புத்திசாலி என்பதில் அவருக்குக்கூட அவ்வளவு நிச்சயம் கிடையாது. ஆனால் நாற்காலி ரொம்ப சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது.

"ஓய் குஞ்சிதபாதம்! மேலக்கோட்டை ராஜா போன வருஷம் விருந்து வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? காக்டெயிலில் ஐஸ் தாமரை மிதக்கவிட்டார்."

"சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போன தாமரை, மகாராஜா. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால்தானே அழகு?"

"செய்ய முடியுமா?"

"அதென்ன பிரமாதம்!" என்றது குஞ்சிதபாதத்தின் வாய். மூளை எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் வந்து சேரும்.

களஞ்சிய அதிகாரி வீரபாகு சட்டென்று எழுந்தார். நாற்காலி மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "மகாராஜா, தாமரை எதற்கு? நம் கொடியில் இருப்பது யானை. அடுத்த வெள்ளிக்கிழமை மேலக்கோட்டையார் வரும்போது கோப்பைக்கு ஒரு யானை. துளி வெண்மை தெரிந்தாலும் நாற்காலி எனக்கு!"

"சபாஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. மண்ணெண்ணெயில் ஓடும் அரண்மனை ஐஸ் பெட்டி அன்றே மாட்டுவண்டியில் குஞ்சிதபாதம் வீட்டுக்கு வந்து இறங்கியது.

சனிக்கிழமை கிணற்று நீரைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். ஐஸின் நடுவில் பால் நிறத்தில் ஒரு கட்டி. ஞாயிற்றுக்கிழமை நீரைக் கொதிக்க வைத்தார். அப்போதும் கட்டி. திங்கட்கிழமை இரண்டு தரம் கொதிக்க வைத்து, மல்துணியில் வடிகட்டி, ஒரு கும்பிடும் போட்டார். கட்டி கொஞ்சம் சிறுத்தது. அவ்வளவுதான்.

"கண்ணில் பூ விழுந்த யானை என்று சொல்லிப் பாருங்களேன்" என்றாள் மனைவி தையல்நாயகி.

"கேலி பண்ணாதே, தையலு. நாற்காலி போய்விடும்."

"போனால் என்ன? ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் இடுப்பு வளையும்." கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "ஓரமெல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது? நடுவில்தானே வெள்ளை?"

"ஆமாம்."

"குளிர் எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொண்டால் தண்ணீருக்குள் இருக்கிற காற்று எங்கே போகும்? நடுவில் மாட்டிக்கொள்ளும். மேல் பக்கத்திலிருந்து மட்டும் உறையவிடுங்கள். அது அடியில் போய் ஒதுங்கட்டும்."

பக்கவாட்டில் குளிர் புகாதபடி மரப்பெட்டி ஒன்றில் உமியைத் திணித்தாள். நடுவில் பாத்திரத்தைப் புதைத்தாள். வாயை மட்டும் திறந்துவிட்டாள். அப்படியே ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். மேலிருந்து மெல்ல மெல்ல உறைந்தது. மறுநாள் எடுத்தால், மேல்பாதி சுத்தக் கண்ணாடி! கலங்கலெல்லாம் அடிப்பாதியில். அடியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்கள். கன்னானிடம் சொல்லி யானை உருவத்தில் இரண்டு பாதியாகப் பித்தளை அச்சு வார்த்து வாங்கினார்கள். அதை வெந்நீரில் சுடவைத்து, நடுவில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினால், வேண்டாததெல்லாம் உருகி ஓடும். தும்பிக்கையோடு யானை நிற்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலக்கோட்டையார் வந்தார். ஜின்னும் சோடாவும் ஊற்றிய கோப்பைகள் வந்தன. மேலக்கோட்டையார் கோப்பையை உயர்த்திப் பார்த்தார். தாழ்த்திப் பார்த்தார்.

"பூபதி, யானை எங்கே?"

ராஜாவும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. யானை அவ்வளவு தெளிவு!

"ஏமாற்று வேலை, மகாராஜா!" வீரபாகு துள்ளிக் குதித்தார். "கோப்பையில் வெறும் சோடாதான் இருக்கிறது!"

குஞ்சிதபாதமும் எட்டிப் பார்த்தார். யானையைப் போட்டோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெல்வெட்டைக் கடைசியாக ஒரு தடவை தடவிக்கொண்டார். அப்போதுதான் மூளை வந்து சேர்ந்தது.

"வீரபாகு, கோப்பையில் யானை இல்லை, அப்படித்தானே?"

"இல்லவே இல்லை!"

"நிச்சயமாக?"

"சத்தியமாக!"

"அப்படியானால் ஒரே மடக்கில் குடித்துக் காட்டுங்கள். தடை ஒன்றும் இருக்காதே!"

வீரபாகு கோப்பையை எடுத்தார். தலையை அண்ணாந்து அப்படியே கவிழ்த்தார். ணங்! முன்பல்லில் ஏதோ மோதியது. "ஐயோ!" என்று அலறிக் கோப்பையைக் கீழே வைத்தார். சோடா போய்விட்டது. காலிக் கோப்பையில் பளபளவென்று ஒரு யானை. தும்பிக்கை நுனியில் வீரபாகுவின் மீசை முடி ஒன்று.

"இல்லாத யானை முட்டிவிட்டதா, வீரபாகு?" என்றார் குஞ்சிதபாதம்.

மேலக்கோட்டையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யானையை எடுத்து மோதிரத்தின் மேல் வைத்து, மோதிரத்தில் பொறித்திருந்த தம் பெயரை யானை வழியாகவே படித்தார். பூபதிராயருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஓய், எப்படி ஐயா செய்தீர்?"

குஞ்சிதபாதம் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. "மேலிருந்து உறையவிட்டால் கலங்கல் அடியில் தங்கிவிடும், மகாராஜா. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இந்த யோசனை தையல்நாயகியுடையது. தெளிந்த பாதி வீட்டில் இருக்கிறது. அறுத்துத் தள்ள வேண்டிய பாதிதான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது."

சபையே சிரித்தது. ராஜாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"கலங்கல் எங்கே தங்கும் என்றீர்?"

"அடியில், மகாராஜா."

மறுநாள் சபை கூடியது. வெல்வெட் நாற்காலியில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். அதன் அடியில், ஜமக்காளத்தில், வீரபாகுவுக்குப் பக்கத்தில் குஞ்சிதபாதம் இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார்.