தூணில் கிழித்த கோடு

தன் நெற்றி உயரத்துக்கு ஒரு கல்தூணில் கோடு கிழித்து, இதுதான் சிலம்பக் கம்பின் அளவு என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனான் ஒருவன். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. நெட்டையாகப் பிறந்தது அவன் பாடு. அதை ஏன் எல்லார் தலையிலும் கட்டினான்? அவனால் ஒருத்தி பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேகங்கள் மலையேற வழி தெரியாமல் கணவாயிலேயே படுத்துத் தூங்கிய காலம் அது. அதனால் அதற்குப் பஞ்சுக்கணவாய் என்று பேர். அந்த வழியே மாடு போனால் மாடு தெரியாது. மணி மட்டும் தனியே மிதந்து போகும்.

அந்தக் காலத்தில் கொற்றி என்றொரு உப்பு வியாபாரி இருந்தாள். ஆள் குட்டை, உடம்பு அகலம். மூட்டை சுமந்து சுமந்து கழுத்தும் காலும் உரல்போல இறுகியவள். கடற்கரையில் கூலிக்கு உப்பு வாரி, வாயாடி, சண்டை போட்டு, ஒரு பொதிமாட்டைச் சொந்தமாக்கியிருந்தாள். நெற்றிச்சுழி சரியில்லை என்று ஊரே ஒதுக்கிய மாடு. அவள் அதற்குச் சுழியன் என்றே பேர் வைத்து, பிள்ளைபோல ஓட்டி வந்தாள்.

கணவாயில் இரண்டு பாறைகள் நெருங்கும் இடத்தில் எயினன் என்றொருவன் வழிமறித்து நின்றான். பனைபோல உயரம், கையில் நெடுங்கம்பு. கண்ணுக்குப் பிடித்த மாட்டைப் பிடுங்கித் தனக்குப் பின்னால் கட்டிவிடுவான். தன்னைத் தாண்டிப் போய்க் கயிற்றைத் தொட்டால் மாடு உனது, தொடும்வரை எனது என்பான். ராஜா கேட்கவில்லையா என்கிறீர்கள். ராஜா சமவெளியில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் மேகம் அழகாகத்தான் தெரியும்.

சுழியனையும் பிடித்துக் கட்டினான். முதுகில் உப்புப் பொதி அப்படியே இருந்தது. மேகம் பட்டு உப்பு கசிந்தது. கனவில் யாரோ சத்தமில்லாமல் அழுவதுபோல, பாறையில் வெள்ளை வெள்ளையாய் இறங்கியது. உப்பு போனால் மறுபடி வாரிக்கொள்ளலாம். மாடு போனால் கொற்றி மறுபடியும் கூலிக்காரிதான்.

அடிவாரத்தில் சிலம்பக் களம் இருந்தது. களத்தின் நடுவே அந்தக் கல்தூண். ஆசான் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தூணில் இருந்த கோட்டைப் பார்த்தார், மூங்கிலை வெட்டினார், கையில் கொடுத்தார். கம்பு அவள் தலைக்கு மேலே போயிற்று. சந்தையில் கத்தரிக்காயைக்கூடக் கிள்ளிப் பார்க்காமல் வாங்காதவள், பெரியவர் கொடுக்கிறாரே என்று வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் பேரம் பேசாமல் எடுத்த முதல் சரக்கு அதுதான்.

புது மூங்கில் முளைத்து இலை விடும்வரை பழகினாள். பிறகு கணவாய்க்குப் போனாள். வீசிய கம்பு அவள் பிடிக்கு அடங்காமல் பாறையில் மோதித் திரும்பி அவள் முழங்காலையே பதம் பார்த்தது.

எயினன் கம்பை ஊன்றி நின்று கேட்டான். "கம்பை நீ தூக்கிட்டு வந்தியா, கம்பு உன்னைத் தூக்கிட்டு வந்துச்சா?"

மேகத்துக்குள் சுழியனின் மணி ஒருமுறை கிணுங்கியது.

அடுத்து மல்லர் களத்துக்குப் போனாள். அவள் காலைப் பார்த்ததுமே மல்லாசான் தொடையைத் தட்டிச் சிரித்தார். மல்லுக்கென்றே பிறந்த உடம்பு என்றார். பொய்யில்லை. வந்தவனையெல்லாம் மணலில் புரட்டினாள். மலையில் குறிஞ்சி பூத்த பருவத்தில் மறுபடி கணவாய்க்குப் போனாள். ஆனால் எயினன் மல்லுக்கு வரவேயில்லை. நின்ற இடத்தில் நின்றபடி கம்பு நுனியை அவள் மார்பில் வைத்தான், தள்ளினான், விழுந்தாள். எழுந்தாள், தள்ளினான், விழுந்தாள். கை நீண்டபிறகு வா என்று அனுப்பிவிட்டான்.

மணி இந்த முறை மெலிந்து ஒலித்தது. சுழியன் பாறையை நக்கிக்கொண்டிருந்தான்.

கொற்றி அடிவாரத்துக்கு இறங்கி, மிச்சமிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்து வைத்து உட்கார்ந்தாள். கிழங்கு தோண்டும் கூவை என்பவள் உப்பு வாங்க வந்தாள். கொற்றி வழக்கம்போலக் கேட்டாள். "எதுக்கு உப்பு? ஊறுகாய்க்கா, கருவாட்டுக்கா, மாட்டுக்கா?"

கேட்ட வாய் அப்படியே நின்றது. ஒரு கை உப்பு விற்கக்கூட எதுக்கு என்று கேட்கிறவள் அவள். கம்பாசான் கேட்கவில்லை, மல்லாசான் கேட்கவில்லை. அதைவிட வெட்கக்கேடு, அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பு காரியத்துக்கு ஆகும், உடம்புக்கு ஆகாது. மல் உடம்புக்கு ஆகும், காரியத்துக்கு ஆகாது.

கூவையின் இடுப்பில் முழ நீளத்தில் ஒரு தடி செருகியிருந்தது. புதருக்குள் பன்றி பாய்ந்தால் நெடுங்கம்பு சுழற்ற இடம் ஏது? கிழங்கு தோண்டுகிறவர்கள் இந்தக் குறுந்தடியைத்தான் பழகினார்கள். கொற்றி இம்முறை கிள்ளிப் பார்த்தாள். இடுக்கில் செல்லுமா, கம்புக்கு ஈடு கொடுக்குமா, குட்டைக் கைக்கு ஆகுமா என்று குடைந்தாள்.

கூவை ஒளிக்கவில்லை. "நின்னு அடிச்சு ஜெயிக்க ஆகாது, அக்கா. நுழைஞ்சு வெளியே வர ஆகும்."

"எனக்கு அதுதான் வேணும்" என்றாள் கொற்றி.

பழகினாள். மூன்றாம் முறை போனாள்.

எயினனின் கம்பு மேகத்திலிருந்து நீண்டு வந்தது. மூட்டை தூக்கக் குனிவதுபோலக் குனிந்தாள். நுனி தலைக்கு மேலே போனது. தடியால் அதைப் பாறையோடு தட்டிவிட்டு உள்ளே புகுந்தாள். அவன் கம்பைத் திருப்பப் பார்த்தான். இரண்டு பாறைக்கும் நடுவே கம்பு குறுக்கே சிக்கிக்கொண்டது. எதிரே அவன் முழங்கால் தெரிந்தது. பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து ஒன்று போட அவள் கை துடித்தது. அதே நேரம் அவன் கை அவள் கூந்தலுக்கு இறங்கியது. நின்று அடித்திருந்தால் அகப்பட்டிருப்பாள். அவள் அடிக்க வரவில்லை, கயிற்றுக்கு வந்தாள். அவன் விரல் காற்றைப் பிடித்தது. அவள் விரல் ஈரக் கயிற்றைப் பிடித்தது.

பின்னால் வந்த வியாபாரிகளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எயினன் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கினான். சுழியன் அவள் கையில் ஒட்டியிருந்த உப்பை நக்கினான்.

இறங்கும் வழியில் சிலம்பக் களத்தைப் பார்த்தாள். குட்டையர், கூனர், ஒல்லியர் எல்லாரும் தலைக்கு மேல் போகும் கம்போடு தடுமாறி, தங்கள் கையையே நொந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டை யார் போட்டது என்று ஆசானைக் கேட்டாள். அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது என்றார். ஒரு கல்லை எடுத்து அழித்திருக்கலாம். அவளுக்கு வந்த கோபத்துக்கு அது போதவில்லை.

கற்கும் கலை கற்பவரின் உடம்புக்கும் பொருந்த வேண்டும், அவர் போகும் காரியத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.

கொற்றி மேகத்தைப் பார்த்துச் சொன்னது மட்டும் இன்னும் அந்தக் கணவாயில் மிதக்கிறதாம். "கோடு போட்டவனே, எங்கே கிடந்தாலும் எழுந்து வா. உன் கோட்டை உன் கையாலயே அழி. அழிச்சிட்டு, இவங்களை ஒவ்வொருத்தரா நிக்க வச்சு, எதுக்குன்னு கேட்டு, அளந்து வெட்டிக் குடு."