கிறுக்கலை வாசித்த பேராசிரியர்

மழலையர் எழுத்தைப் பற்றி ரெஜினா அனுப்பிய கட்டுரையை நிராகரிக்க, ஆய்விதழின் ஆசிரியரான பேராசிரியர் தணிகாசலம் அவளை நேரிலேயே வரவழைத்தார்.

“இதெல்லாம் கிறுக்கல்மா. எழுத்துன்னு நிரூபிச்சா வெளியிடறேன்.”

“சரிங்க சார். இதைக் கொஞ்சம் பாருங்க” என்று ஒரு தாளை நீட்டினாள்.

அவர் அலட்சியமாக வாசித்தார். “அமா... சீகரம்... வா.” சட்டென்று நிமிர்ந்தார். “யாரு எழுதினது?”

“இசக்கின்னு அஞ்சு வயசுப் பொண்ணு. பட்டாசு ஆலை விபத்துல அவ அம்மா இறந்துட்டாங்க. உங்களால படிக்க முடிஞ்சுதே சார், அப்ப அது எழுத்துதானே?”

தணிகாசலம் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்.

இதழ் வந்ததும் ரெஜினா அதை இசக்கியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அச்சில் இருந்த தன் எழுத்தைத் தடவிப் பார்த்த குழந்தை கேட்டாள்: “அக்கா, அம்மா படிச்சிட்டாங்களா?”

பேராசிரியரை மடக்கியவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.