எட்டாத எட்டு

எட்டுப் போட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற சட்டம் வந்த புதிது. ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் தாண்டவராயர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. எதிரில் நிற்கும் ஆளைப் பாராமலே கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் லாரி முதலாளியின் மகன் குடித்துவிட்டு லாரி ஓட்டி, பூக்காரி பேச்சியம்மாளைக் கொன்றுவிட்டான். முதலாளி, மூன்றரை அடி உயரக் கிளீனர் இருளப்பனைப் பிடித்தார்.

“நீ ஓட்டினதா ஒத்துக்கடா. இல்லேன்னா உன் பெண்டாட்டியும் லாரிக்கு அடியிலதான்.”

இருளப்பன் கொஞ்சம் யோசித்தான். “சரிங்க மொதலாளி. ஆனா லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியக் குடுத்தீங்கன்னு உங்களையும் உள்ள தள்ளுவாங்களே?”

உடனே அவனை லைசென்ஸ் ஆபீசுக்கு இழுத்துப் போனார் முதலாளி. தாண்டவராயர் குனிந்த தலை நிமிராமல் பழைய தேதியில் ஒரு லைசென்ஸ் எழுதித் தந்தார்.

கோர்ட்டில், “இவன் எட்டுப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்” என்று சத்தியமும் செய்தார். கூண்டுக்கு மேலே இருளப்பனின் நெற்றி மட்டும் தெரிந்தது.

“எட்டுப் போட்டாயா?” என்றார் நீதிபதி.

“இன்ஸ்பெக்டர் ஐயா சொல்றாங்க, போட்டிருப்பேனுங்க. பிரேக்குதான் எட்டாதுங்க.”

நீதிபதி உத்தரவிட, வாசலில் நின்ற அந்த லாரியில் அவனை உட்காரவைத்தார்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கின. தாண்டவராயர் அப்போதுதான் அவனை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

லாரியை ஓட்டியது யார் என்று இருளப்பன் சொல்ல, முதலாளியும் மகனும் இன்ஸ்பெக்டரும் சிறைக்குப் போனார்கள்.

இன்றும் அந்த ஆபீசில், “எட்டுதா?” என்று கேட்ட பிறகே எட்டுப் போடச் சொல்கிறார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவைக்க, ஒரு பூக்காரி சாக வேண்டியிருந்தது.