ஐம்பத்தாறு பிஸ்கட்

செந்தூர்பாண்டியன் கொதித்துப்போய் வந்தார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்ட வேகத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் முட்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு பேக்கரியின் பின்பக்கம் போனார்.

அங்கே அமலோற்பவம் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. தூத்துக்குடியில் அந்தத் தெரு முழுக்க அவளுக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். செந்தூர்பாண்டியனுக்கு ஐம்பத்தெட்டு. கப்பல் சரக்கு இறக்கும் கிரேனை முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு அவளிடம் பிஸ்கட் போடக் கற்றுக்கொள்கிறார். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"மாஸ்டர், ஒரு கேள்வி. பதிலைச் சொல்லிட்டு வேலையைப் பாருங்க."

"கேளுங்க."

"நம்மள மதிக்காத ஆளை என்ன செய்யணும்?"

"யாரு மதிக்கல?"

"எவளோன்னா கேக்க வருவேனா? எம் பொண்டாட்டிதான்."

அவர் மனைவி சண்முகவடிவு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். கிரேன் ஓட்டின கை என்ன பிஸ்கட் போட்டுவிடும் என்று அந்த ஆபீசில் யாரோ ஒருவர் சிரித்தாராம். அந்த வாயை அடைக்கத்தான் ஆறு வாரமாகப் புதன்கிழமைதோறும் முந்திரி பிஸ்கட் போட்டு மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். வாயும் அடைத்துவிட்டது. இப்போது அந்த ஆபீசில் புதன்கிழமை வந்தால் பதினோரு மணி டீக்கு எல்லாரும் டப்பாவைத்தான் பார்க்கிறார்களாம். மனுஷன் அதோடு சந்தோஷமாக இருந்திருக்கலாம்.

"நேத்து மீன் மார்க்கெட்ல ஜெயக்கொடியைப் பாத்தேன். அவகூட வேலை பாக்கிற பொம்பள. என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணாச்சி, உங்க பிஸ்கட்டை நாங்க அடிச்சுப்பிடிச்சுத் திங்கோம், அக்கா ஒருநாள்கூட வாயில வச்சதில்லை'ங்கா. எடுத்துக்கோங்கன்னா, 'வீட்டுல இருக்கு, நீங்க சாப்பிடுங்க'ன்னு தள்ளிருவாளாம். எப்படிக்கா இம்புட்டு ருசியா வருதுன்னு கேட்டதுக்கு, 'எனக்கு எப்படித் தெரியும்'னு சிரிச்சாளாம். சிரிச்சாளாம் மாஸ்டர்!"

"ம்."

"நாலு மணிக்கு எந்திரிச்சு வெண்ணெயைக் குழைக்கேன். இந்த வெக்கையில ஓவன் முன்னால நிக்கேன். அவளுக்கு இளக்காரம். பதினாலு பேருக்கு முன்னால என்னைக் கோட்டிக்காரனாக்கிட்டா."

"வீட்டுல கேட்டீங்களா?"

"வீட்டுல எதுக்குக் கேக்கணும்? இன்னைக்கு டப்பாவை அவகிட்ட குடுக்கல. நானே கொண்டுபோறேன். பதினோரு மணிக்கு அத்தனை பேரும் உக்காந்திருக்கும்போது கேக்கேன். வெக்கத்துல நாண்டுக்கிட்டு நிக்கட்டும்."

"அதுக்குப் பெறகு?"

"அதுக்குப் பெறகு அந்த ஆபீசுக்கு எப்படித் தலைநிமிந்து போறான்னு பாக்கேன்."

"வீட்டுக்கு வருவாங்களா?"

"வந்தா வரட்டும். வராட்டிப் போகட்டும்."

முப்பத்தோரு வருஷக் குடும்பத்தை அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கித் திறந்தாள். பிஸ்கட்டுகள் வரிசையாக, ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"எத்தனை இருக்கு?"

"ஐம்பத்தாறு. ஆளுக்கு நாலு, பதினாலு பேரு. கூடவும் இருக்காது, கொறையவும் இருக்காது."

"அக்காவையும் சேத்தா?"

"அவளைச் சேக்காம. அவளுக்குத்தான் வீட்டுல இருக்கே."

"வீட்டுல என்ன இருக்கு?"

"கழிச்சதுதான். உடைஞ்சது, ஓரம் கருகினது, வடிவம் கோணினது. ஆபீசுக்கு அதை அனுப்ப முடியுமா? ஒரு தூக்குச்சட்டியில போட்டு வச்சிருவேன். அவ தினமும் காப்பியில முக்கித் தின்னு தீத்துருவா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

"ஒண்ணுகூட முழுசா வைக்கிறதில்லையா?"

செந்தூர்பாண்டியனுக்கு எரிச்சல் வந்தது. தன் கேள்வியை விட்டுவிட்டு மாஸ்டர் வேறு எதையோ நோண்டுகிறாளே என்றிருந்தது.

"வெளி ஆளுக்குத்தான் மாஸ்டர் முழுசு. அவ நம்ம வீட்டு ஆளுல்லா. அவளுக்கு அது போதும்."

அமலோற்பவத்தின் முகம் சிவந்தது. அடுப்பு வெக்கையாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் டப்பாவை மூடி, முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தாள். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.

"இருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் பிஸ்கட் துண்டுகள் வந்தன. பாதி உடைந்தவை, மீதி கருகியவை. கோபத்தில் இருந்தவர் பார்க்காமலேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். கசந்தது.

அப்போது முட்டைக்காரர் அட்டைகளை இறக்கிவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். அமலோற்பவம் அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த தட்டிலிருந்து இரண்டு முழு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். பொன்னிறமாக இருந்தன. முட்டைக்காரர் தின்றுகொண்டே போனார்.

செந்தூர்பாண்டியன் பார்த்தார்.

மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். அவருக்கும் இரண்டு முழுசு. செந்தூர்பாண்டியன் தன் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பிறகு ஒரு ஆள் வாசலில் நின்று, பல் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும் என்று வழி கேட்டான். கன்னம் வீங்கியிருந்தது. அமலோற்பவம் வழி சொல்லிவிட்டு, "வீக்கம் வத்தினதும் சாப்பிடுங்க" என்று அவன் கையிலும் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

செந்தூர்பாண்டியன் டம்ளரை நங்கென்று வைத்தார். டீ சிந்தியது.

"என்ன மாஸ்டர் இது? முட்டைக்காரனுக்கு முழுசு. மீட்டர்காரனுக்கு முழுசு. வழியில போற பல்வலிக்காரன், எவன்னே தெரியாது, அவனுக்கும் முழுசு. ஆறு மாசமா உங்ககூட நின்னு மாவு பிசையுதேன். எனக்கு மட்டும் இந்தக் கருகலா? என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் குரல் முன்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அமலோற்பவம் அடுப்புக் கதவைச் சாத்தினாள். திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். அவளுக்கும் கோபம்தான், அதை அவள் மறைக்கவில்லை.

"அவங்கள்லாம் வெளி ஆளுங்க, அண்ணாச்சி. நீங்க நம்ம வீட்டு ஆளுல்லா. உங்களுக்கு இது போதும்."

செந்தூர்பாண்டியன் தட்டைப் பார்த்தார். நாக்கில் இன்னும் அந்தக் கசப்பு இருந்தது.

பதினோரு மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். ஐம்பத்தாறுதான் இருந்தது.