ஐந்து மவுசும் ஒரு வெள்ளைக் கேனும்

"எந்த மவுஸ் வேணும்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க கேப்டன். இதோட நாலாவது தடவை வரேன்."

மாசிலாமணி ஐந்து கருவிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொன்றையும் அறைந்தார்.

சாதாரண மவுஸ் ஒன்று. பந்தை உருட்டும் மவுஸ் ஒன்று. விரலால் தடவும் பலகை ஒன்று. பேனா ஒன்று. தொட்டால் வேலை செய்யும் திரை ஒன்று.

விமானி அமலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொட்டகையில் நின்ற விமானத்தின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் மவுஸ்?"

"எதுக்கா? உங்க விமானத்துல, திரையில, புள்ளி வைக்கறதுக்கு!"

"புள்ளி எதுக்கு?"

மாசிலாமணிக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்று அது உச்சந்தலைக்கு ஏறியது.

அது நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். கடலோர ஊர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். காணாமல்போன மீன்பிடிப் படகுகளைத் தேடுவது அதன் வேலை. விமானிக்கு வலப்பக்கம் உட்காருபவர் படகைக் கண்டதும் மடிக்கணினியில் ஓடும் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். குறித்த இடத்துக்கு மீட்புப் படகு போகும்.

அந்த வரைபடத்தையும், பின் இருக்கையில் ஏற்றியிருந்த அதன் கருவிப் பெட்டியையும் உருவாக்கியவர் மாசிலாமணி. சென்னையில், குளிர்பதன அறையில் உட்கார்ந்து, ஐந்து வருடம் உருவாக்கினார்.

போன மாதம் குறி தப்பியது. நாலு கடல் மைல் தப்பியது. மீட்புப் படகு வெறுங்கடலைச் சுற்றிவிட்டு வந்தது. மறுநாள் மதியம் அந்த மீன்பிடிப் படகு கிடைத்தபோது நாலு பேரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ததேயு இல்லை.

அன்று புள்ளி வைத்தவர் இன்பராஜ்.

'இயக்கியவரின் கவனக்குறைவு' என்று மாசிலாமணி அறிக்கையில் எழுதினார். நாலாம் பக்கம், மூன்றாம் பத்தி. மறுநாள் காலை கூட்டத்தில் அதைப் படிப்பார்கள். படித்தால் இன்பராஜுக்கு வேலை போகும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். ததேயு சாவதற்குக் காரணமானவர் என்ற பேரோடு ததேயுவின் தெருவிலேயே குடியிருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வார்?

ஆனால் அறிக்கையில் அமலியின் கையெழுத்தும் வேண்டும். 'அமலி எந்தக் கருவியைச் சொல்கிறாரோ அதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்' என்றது அறக்கட்டளை. அதற்குத்தான் இந்த நடை.

முதல் தடவை வந்தபோது அமலி, "கடலைப் பார்த்திருக்கியளா சார்?" என்று கேட்டார். சென்னைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று மாசிலாமணி எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் தடவை அமலி மவுஸைக் கையில் வாங்கி, மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டார். மவுஸ் விழாமல் இருக்க மாசிலாமணி ஒட்டும் பட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் தடவை அமலி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இருப்பதிலேயே எரிச்சலாக இருந்தது.

"என் வயசுல பாதிதான் இருக்கும் உங்களுக்கு," என்றார் மாசிலாமணி. "என்னை அலையவிட்டு வேடிக்கை பாக்கறீங்களா? ஐந்நூறு தடவை சோதிச்சேன். ஐந்நூறும் சரியா விழுந்துச்சு. தப்பு கருவியில இல்ல. ஆள்கிட்ட!"

"எங்க வெச்சு சோதிச்சிய?"

"மேசையில."

அமலி துணியை உதறி மடித்தார்.

"ஏறுங்க."

"எதுல?"

"நிக்குதே, இதுலதான். அஞ்சையும் எடுத்துக்கிடுங்க."

ஐந்து வருடம் அந்த விமானத்துக்கென்று வேலை செய்த மனிதர் அதில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

*

பின் இருக்கையில் இன்பராஜ் உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி பாதி ஏறிய காலைக் கீழே வைத்தார். "இவர் எதுக்கு?"

"பின்னால எடை வேணும்," என்றார் அமலி.

"அந்த இடத்துல என் கருவிப் பெட்டி இருக்கணுமே?"

"இறக்கி வெச்சாச்சு. இன்னைக்கு மடிக்கணினி போதும்."

"யாரைக் கேட்டு இறக்கினீங்க?"

"யாரைக் கேட்டு ஏத்தச் சொன்னியளோ, அவரைத்தான்."

இன்பராஜ் வணக்கம் சொல்லவில்லை. மாசிலாமணியும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க அந்த விமானத்தில் இடம் போதாது. ஆனாலும் இருவரும் சமாளித்தார்கள்.

*

கரையைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது.

ஐந்நூறு அடி உயரம். விமானம் கப்பி ரோட்டில் போகும் மினி பஸ்ஸாகக் குலுங்கியது. மாசிலாமணி ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். மறு கையால் மடிக்கணினியைத் தொடையோடு அமுக்கினார். மவுஸுக்கு மூன்றாவது கை இல்லை.

"எங்க மாமா படகுல போயி ஒரு வெள்ளைக் கேனை மிதக்க விட்டிருக்காரு," என்று காதுக்கருவியில் அமலியின் குரல் வந்தது. "ஆள் தலை அளவு இருக்கும். கண்டுபிடிச்சுக் குறிங்க. அதுவரைக்கும் ஒண்ணொண்ணா பழகிக்கிடுங்க."

சாதாரண மவுஸ் முதல் குலுக்கலிலேயே காலடிக்குப் போனது. மாசிலாமணி அதை வாலைப் பிடித்துத் தூக்கினார். மறுபடி போனது.

தொடுதிரையில் கரையோரமாக ஓர் இடத்தில் விரல் வைத்தார். விமானம் ஒரு தூக்குத் தூக்கியது. விரல் இலங்கையில் போய் நின்றது.

தடவும் பலகை வியர்வையில் வழுக்கியது. பேனா கடலின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிட்டு இருக்கைக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

"நேரா ஓட்ட மாட்டீங்களா?" என்று கத்தினார்.

"காத்தைக் கேளுங்க."

கடைசியாகப் பந்து மவுஸ். உள்ளங்கை அதன்மேல் அழுந்தி நின்றது. கட்டைவிரல் மட்டும் பந்தை உருட்டியது. குலுக்கலுக்குக் கை அசைந்தது, திரையில் அம்புக்குறி அசையவில்லை. மாசிலாமணி மூன்று புள்ளி வைத்துப் பார்த்தார். மூன்றும் வைத்த இடத்தில் இருந்தன.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நாலு பயணத்தில் முதல் சிரிப்பு.

"இதுதான்! அறிக்கையில எழுதிக்கறேன். கருவிப் பிரச்சினை முடிஞ்சுது. மிச்சம் ஆள் பிரச்சினை."

பின் இருக்கையில் இன்பராஜ் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வலப்பக்கம்," என்றார் அமலி. "பாருங்க."

மாசிலாமணி பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. கடல் முழுக்க நுரை, ஆயிரம் வெள்ளை. பிறகு அதில் ஒரு வெள்ளை மட்டும் மறையாமல் இருந்தது.

"தெரியுது! தெரியுது!"

"குறிங்க."

குனிந்தார். வரைபடத்தைப் பெரிதாக்கினார். பந்தை உருட்டினார். விமானம் நகர, வரைபடமும் நகர்ந்தது. விடவில்லை, துரத்திப் பிடித்தார். அழுத்தினார். 'உறுதி செய்யவா?' என்று திரை கேட்டது. அப்படிக் கேட்கும்படி செய்தவரே அவர்தான். மறுபடி அழுத்தினார். சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழுந்தது.

"வெச்சுட்டேன்! துல்லியமா!"

"துல்லியமாவா?"

"தலைமுடி அளவுகூடத் தப்பாது."

"எங்க, கேனைக் காட்டுங்க."

மாசிலாமணி நிமிர்ந்தார்.

கடல் முழுக்க நுரை. ஆயிரம் வெள்ளை. எல்லாமே கேன் மாதிரி இருந்தன. எதுவுமே கேன் இல்லை.

"இங்கதான் இருந்துச்சு."

"எங்க?"

"இங்க... நீங்க திருப்பிட்டீங்க!"

"திருப்பல. நேராத்தான் வந்தேன். ஒம்பது வினாடி குனிஞ்சிருந்திய. அரைக் கிலோமீட்டர் வந்தாச்சு."

"புள்ளி இருக்குல்ல, அங்க போங்க!"

அமலி போனார். புள்ளி இருந்த இடத்தின்மேல் விமானத்தை வலப்பக்கம் சாய்த்து ஒரு முழு வட்டம் அடித்தார். கீழே வெறும் தண்ணீர்.

"கேன் முழுகியிருக்கும்," என்றார் மாசிலாமணி.

"முழுகாது."

"அப்போ அலை தள்ளியிருக்கும். அப்போ... நீங்க பேச்சுக் குடுத்துக் கவனத்தைக் கலைச்சுட்டீங்க!"

அமலிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது இறங்கியது.

"நாலாம் பக்கத்துல அந்த வார்த்தை என்ன சார்? மூணாம் பத்தியில?"

மாசிலாமணி திரையில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். நீங்க எழுதுனதுதான."

"அது வேற."

"என்ன வேற?"

"அவர் பழகின ஆள். அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"என்ன தெரிஞ்சிருக்கணும்? குனியாமலே உங்க திரையைப் பாக்கத் தெரிஞ்சிருக்கணுமா? அன்னைக்கு அவரு கண்டுட்டாரு சார். படகுல நாலு பேர் நின்னு சட்டையைக் கழத்தி வீசுனதை ரெண்டு பேரும் பாத்தோம். உங்க பொட்டி 'குறி, குறி'ன்னு சொல்லுச்சு. குனிஞ்சாரு. மேகத்துக்குள்ள போயிட்டோம். அவரு புள்ளி வெச்சு முடிச்சு, மேகத்தை விட்டு வெளிய வந்தா ஒண்ணும் இல்ல. விசாரணையில 'கீழ பாத்தேன்'னு உண்மையைச் சொன்னாரு. அதை நீங்க எப்படி எழுதுனிய?"

மாசிலாமணியின் காது சுட்டது. அவமானமா ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார்.

அவருடைய வலத் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டிருந்தது. இன்பராஜின் கை. ஒற்றை விரல் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஓர் இடத்தைக் காட்டியது. விமானம் திரும்பியபோது விரலும் திரும்பியது. விமானம் குலுங்கியபோது கை குலுங்கியது, விரல் மட்டும் அந்த இடத்தை விடவில்லை.

எவ்வளவு நேரமாக நீட்டியிருந்தாரோ. மறு கை முழங்கையைத் தாங்கியிருந்தது.

மாசிலாமணி விரல் காட்டிய பக்கம் பார்த்தார். தூரத்தில், புள்ளி வைத்த இடத்துக்கு வெகு பின்னால், மறையாமல் ஒரு வெள்ளை.

அமலி அந்த விரலைப் பார்த்து விமானத்தைத் திருப்பினார்.

"ஆள் கடல்ல விழுந்தா," என்றார் அமலி, "எங்க படகுல ஒருத்தன் கையை நீட்டுவான். அவனுக்கு வேற வேலை கிடையாது. கயிறு வீச மாட்டான். எஞ்சினைத் தொட மாட்டான். இன்னொருத்தன் கண்டு, கை நீட்டுற வரைக்கும் அவன் இறக்க மாட்டான். முன்னால இந்த விமானத்துலயும் என்னைத் தவிர ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் காட்டுவாரு, ஒருத்தர் எழுதுவாரு. உங்க பொட்டி வந்ததும் ஒரு ஆள் போதும்னு சொல்லிட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லலையே!"

"பொட்டியை அந்த ஆள் உக்காந்த சீட்டுல வெக்கச் சொன்னிய."

மாசிலாமணி பின்னால் திரும்பினார். இன்பராஜ் அவரைப் பார்க்கவில்லை. கண் கேனில் இருந்தது. கண் ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. இமைக்காததால் வந்ததோ, வேறு எதனாலோ.

"கையை இறக்குங்க இன்பராஜ். நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன்."

"வலிக்கும். இறக்குங்க."

"அன்னைக்கு உங்க திரையை நம்பி ஒரு தடவை இறக்குனேன்." விரல் கேனை விடவில்லை. "ததேயு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் சார் நான். கவனக்குறைவுன்னு எழுதுறிய. மாட்டேன். நீங்க நீட்டுங்க, அப்புறம் இறக்குறேன்."

மாசிலாமணி அமலியைப் பார்த்தார். அமலி உதவிக்கு வரவில்லை.

அவர் வலக் கையை நீட்டினார். மடியில் இருந்த பந்து மவுஸ் சரிந்து கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியப் போனவர், பாதியில் நின்றார்.

இன்பராஜின் கை மெல்லப் பின்னால் போனது.

விமானம் கேனைச் சுற்றியது. ஒரு வட்டம். இரண்டு வட்டம். மாசிலாமணியின் தோள் எரிந்தது. கழுத்து இறுகியது. மூக்கு நுனியில் வியர்வை வந்து நின்றது. துடைக்கக் கை இருந்தும் துடைக்கவில்லை.

"சார்," என்றார் அமலி. "எந்த மவுஸ்னு கேட்டியளே."

"இப்போ பேசாதீங்க!"

மூன்றாவது வட்டம்.

"இன்பராஜ்," என்றார் மாசிலாமணி, ஜன்னலைப் பார்த்தபடியே. "என் பை உங்க காலடியில இருக்கு. அதுல அறிக்கை இருக்கு. நாலாம் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க."

"எழுதுனது நீங்க," என்றார் இன்பராஜ். "நீங்களே கிழிங்க."

"என்னால முடியாது," என்று மாசிலாமணி கத்தினார். "கண்ணை எடுத்தா கேன் போயிடும்!"